பிட்காயினில் பணம் வாங்க பிடிசிபே சர்வர்: எது வரை நம்பலாம்?

இணையத்தில் விற்பவர் கிரிப்டோவில் பணம் வாங்க இரண்டு வழி உண்டு. இடைத்தரகு நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்தால், வாடிக்கையாளர் அனுப்பும் நாணயம் அவர்கள் வாலட்டில் விழுந்து, கமிஷன் போக மீதி பிறகு உங்களுக்கு வரும். இல்லையென்றால் நீங்களே ஒரு சர்வர் வைத்து, பணம் நேராக உங்கள் வாலட்டுக்கே வரும்படி செய்துகொள்ளலாம். பிடிசிபே சர்வர் இரண்டாவது வகை. என்பிட்காயின் என்ற நிரல் நூலகத்தை எழுதிய நிக்கோலா டோரியே 2017 ஆகஸ்டில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. எம்ஐடி உரிமம், கமிஷன் கிடையாது, உங்கள் கணக்கை முடக்க நடுவில் யாரும் கிடையாது.

பிட்காயினில் பணம் பெறுவதற்கு இதைவிடத் தேர்ந்த மென்பொருள் வேறு தென்படவில்லை. ஆனால் நிறுவுபவர்களில் பலர் தவறான வாசலில் காவல் போடுகிறார்கள். பணத்தைச் செலவழிக்கத் தேவையான தனிச்சாவியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு சர்வர் லாகினைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இங்கே திருடனுக்குத் தனிச்சாவி தேவையே இல்லை. வரும் பணத்தின் முகவரியை மாற்றினால் போதும்.

இடைத்தரகரிடம் போனால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். 2023 ஜூலையில் காயின்ஸ்பெய்டு என்ற கட்டணச் சேவை நிறுவனத்திலிருந்து சுமார் 3.7 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. போலி வேலை நேர்காணல் என்ற பெயரில் ஊழியர் ஒருவரைத் தீய நிரலை நிறுவ வைத்து உள்ளே நுழைந்தார்கள். வாடிக்கையாளர் பணம் பாதிக்கப்படவில்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அப்படிப்பட்ட நாளில் வணிகர் செய்யக்கூடியது அந்த அறிவிப்புக்குக் காத்திருப்பது மட்டுமே. பிடிசிபேயில் காத்திருப்பு இல்லை, பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

நிறுவுதல்

மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர் வழியாக நிறுவுவதே அதிகாரப்பூர்வமான வழி. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 80 ஜிபி வட்டு என்று ஆவணம் சொல்கிறது. 2 ஜிபியில் ஓடும், ஆனால் மூச்சுத் திணறும். 4 ஜிபி வைத்தால் நிம்மதி. பரிவர்த்தனைகள் எல்லாம் பிளாக் பிளாக்காகப் பதிவான பேரேடான முழு பிட்காயின் பிளாக்செயின் 600 ஜிபிக்கு மேல் போய்விட்டது, ஆனால் அது முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. பழைய பிளாக்குகளைச் சரிபார்த்தபின் அழித்துவிடும் ப்ரூனிங் வசதியில் சுமார் 100, 50, 25, 5 ஜிபி என்று அளவு தேர்ந்தெடுக்கலாம். கடைக்கு 50 ஜிபி தேர்வு போதும். இருப்பதிலேயே சிறிய அளவைத் தேர்ந்தால், சிறு தொகைகளை நொடியில் அனுப்ப உதவும் லைட்னிங் வலையமைப்பு ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் சர்வர் பிளாக்செயினை இறக்கிச் சரிபார்க்கும் முதல் ஒத்திசைவுக்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அவசரக்காரர்களுக்கு ஃபாஸ்ட்சிங்க் என்ற குறுக்கு வழி உண்டு. யாரோ தயாரித்த கணக்கு நிலைப் பிரதியை இறக்கி ஏற்றுவது. அந்தப் பிரதியைத் தயாரித்தவரை நம்ப வேண்டியிருக்கிறது. யாரையும் நம்பத் தேவையில்லை என்பதற்காகத்தானே பிளாக்செயினைத் தானே சரிபார்க்கும் சொந்தக் கணினி, அதாவது சொந்த நோடு? ஐந்து நாள் பொறுத்திருப்பதே மேல்.

நிறுவி முடித்த உடனே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. முதலில் பதிவு செய்யும் கணக்குதான் அட்மின். டொமைன் இயங்கத் தொடங்கி, நீங்கள் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பக்கத்தை முதலில் கண்டவர் உரிமையாளர் ஆகிவிடுவார். பக்கம் திறந்த நிமிடமே பதிவு செய்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். செயலி தரும் ஆறு இலக்க எண்ணைவிட ஃபைடோ2 பாதுகாப்புச் சாவி நல்லது. எண்ணைப் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்ய வைத்து ஏமாற்றலாம். ஃபைடோ2 சாவி டொமைன் மாறினால் வேலை செய்யாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இணையப் பக்கத்திலிருந்தே ஒரே சொடுக்கில் புதுப்பிக்க முடிகிறதே, அது எப்படி? டாக்கர் நிறுவலில், கணினிக்குத் தொலைவிலிருந்து கட்டளை இடும் வழியான எஸ்எஸ்எச் அனுமதியை இயக்கினால், பிடிசிபே தன்னைத் தாங்கும் கணினிக்குள்ளேயே நுழைந்து கட்டளை இடும் உரிமை பெறுகிறது. அதாவது அட்மின் கடவுச்சொல் போனால் கடை மட்டும் போவதில்லை, முழு சர்வரும் போகும். ஒரே சர்வரில் வேறு தளங்களையும் வாடிக்கையாளர் தரவையும் வைத்திருப்பவர்கள் இதற்காகவே பிடிசிபேயைத் தனிக் கணினிக்கு மாற்ற வேண்டும்.

எக்ஸ்பப்: உண்மையான பெட்டகம்

வாலட் அமைக்கும்போது பிடிசிபே இரண்டு தேர்வு தரும். ஹாட் வாலட் என்றால் தனிச்சாவி சர்வரிலேயே இருக்கும். பார்வைக்கு மட்டும் என்றால் எக்ஸ்பப் எனப்படும் நீட்டித்த பொதுச்சாவி மட்டும் சர்வரில் இருக்கும். எக்ஸ்பப்பிலிருந்து எத்தனை முகவரி வேண்டுமானாலும் உருவாக்கலாம், ஒரு சட்டோஷியைக்கூட (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) செலவழிக்க முடியாது. கடைக்கு இதுதான் சரி. அதிலும், விதைச்சொற்களை (தனிச்சாவியை மீட்க உதவும் சொற்பட்டியல்) பிடிசிபே பக்கத்திலேயே உருவாக்கிவிட்டுச் சர்வரிலிருந்து அழிப்பதைவிட, சாவியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட்டில் உருவாக்கி எக்ஸ்பப்பை மட்டும் ஏற்றுங்கள். விதைச்சொற்கள் சர்வரின் நினைவகத்தில் ஒரு நொடிகூட இருந்திருக்கக் கூடாது. பிடிசிபே வால்ட் என்ற சிறு செயலி ஹார்டுவேர் வாலட்டை உலாவியோடு இணைத்துத் தரும்.

ஏற்றியதும் பிடிசிபே முதல் சில முகவரிகளைத் திரையில் காட்டி உறுதி செய்யச் சொல்லும். பெரும்பாலோர் பார்க்காமலேயே சொடுக்கிவிட்டுப் போகும் திரை இது. அந்த முகவரிகளை ஹார்டுவேர் வாலட்டின் சிறு திரையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். முகவரிகளை உருவாக்கும் முறையைக் குறிக்கும் டெரிவேஷன் பாதை தவறியிருந்தாலும், யாராவது நடுவில் எக்ஸ்பப்பை மாற்றியிருந்தாலும் இங்கேதான் தெரியும்.

சர்வருக்குள் நுழைந்த ஒருவர் உங்கள் எக்ஸ்பப்பை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டால், கடை வழக்கம்போல் ஓடும். இன்வாய்ஸ் உருவாகும், பணம் வரும், "தீர்ந்தது" என்று பச்சை காட்டும், பொருளும் கிளம்பும். பணம் மட்டும் உங்களுக்கு வந்திருக்காது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடக்கிறது. இதற்கு மருந்து ஒன்றே: சர்வரை நம்பாத இரண்டாவது கண். அதே எக்ஸ்பப்பை ஸ்பாரோ அல்லது எலக்ட்ரம் போன்ற வாலட்டில் வேறு கணினியில் ஏற்றி, நாள்தோறும் பிடிசிபே காட்டும் வரவும் அதில் வந்த வரவும் ஒன்றா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை சும்மா ஒரு இன்வாய்ஸ் உருவாக்கி, அதன் முகவரி உங்கள் வாலட்டுக்குச் சொந்தமானதா என்று சரிபாருங்கள்.

எக்ஸ்பப் வெளியே கசிந்தால் பணம் போகாது, ஆனால் உங்கள் மொத்த வரவு செலவும் அம்பலமாகும். அதோடு, அதிலிருந்து வந்த ஒரே ஒரு முகவரியின் தனிச்சாவியும் சேர்ந்து கசிந்தால், கணிதப்படி மேல்நிலைத் தனிச்சாவியையே மீட்டுவிட முடியும். ஒற்றை முகவரியின் சாவியை மட்டும் ஏற்றுமதி செய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைத் தளத்தின் நிரல் பிடிசிபேயோடு பேசக் கொடுக்கும் ஏபிஐ சாவியிலும் இதே சிக்கல் உண்டு. வூகாமர்ஸ் போன்ற இணையக் கடை மென்பொருள்களின் பிளகின் இன்வாய்ஸ் உருவாக்கவும், பார்க்கவும், வெப்ஹூக் (பணம் வந்ததும் கடைக்குத் தானாகப் போகும் தகவல்) அமைக்கவும் அனுமதி கேட்பது நியாயம். கடை அமைப்புகளை மாற்றும் அனுமதியைக் கொடுத்தால் அந்தச் சாவி வழியாகவே எக்ஸ்பப்பை மாற்றலாம். கொடுக்காதீர்கள். கடைத் தளமே ஹேக் ஆனால் பிடிசிபே எவ்வளவு பத்திரமாக இருந்தும் பயனில்லை என்பதும் உண்மை. திரையில் வேறு கியூஆர் குறியை ஒட்டிவிடுவார்கள். டொமைன் பதிவுக் கணக்குக்கும் அதே அளவு காவல் தேவை.

இன்வாய்ஸ்: பணம் வந்ததா, வந்துகொண்டிருக்கிறதா?

ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் புது முகவரி, 15 நிமிட ஆயுள். அந்த 15 நிமிடத்துக்கு மாற்று விகிதம் நிலைத்திருக்கும். பணம் தென்பட்டதும் "செயல்பாட்டில்" என்ற நிலை. பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் அதன்மேல் வந்த பிளாக்குகளையும் எண்ணும் கன்ஃபர்மேஷன் வேண்டிய அளவு கிடைத்ததும் "தீர்ந்தது". இந்த இரண்டுக்கும் நடுவில் பொருளை அனுப்பி ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கன்ஃபர்மேஷன் 0, 1, 2, 6 என்று தேர்ந்தெடுக்கலாம், இயல்பு 1. பூஜ்ஜியத்தை மறந்துவிடுங்கள். பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனையை, அதிக நெட்வொர்க் கட்டணம் வைத்த இன்னொன்றால் அனுப்பியவரே மாற்றி எழுதலாம். முன்பு அதற்கென்று குறியிட்ட பரிவர்த்தனைகளில் மட்டும்தான் இது எளிதாக நடக்கும். 2024 அக்டோபரில் வந்த, நோடுகளை ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருளின் 28.0 பதிப்பு முதல் எல்லாவற்றுக்கும் இது இயல்பாகவே அனுமதிக்கப்படுகிறது. சில்லறை விற்பனைக்கு 1 போதும், சராசரியாக 10 நிமிடம். தரவிறக்கம், கிஃப்ட் கார்டு போல திரும்ப வாங்க முடியாத சரக்குக்கு 2. ஒரு விற்பனையின் மதிப்பு உங்கள் மாத லாபத்தைத் தொடும் என்றால் 6 வரை, சுமார் ஒரு மணி நேரம், காத்திருங்கள். தபாலில் போகும் பொருளுக்கு இந்தக் காத்திருப்பால் ஒரு நட்டமும் இல்லை.

வாடிக்கையாளர் மிகக் குறைந்த கட்டணம் வைத்து அனுப்பினால் பரிவர்த்தனை மணிக்கணக்கில் தொங்கும். இன்வாய்ஸ் காலாவதியாகி ஒரு நாளுக்குள் உறுதியாகாவிட்டால் "செல்லாதது" என்று பிடிசிபே குறிக்கும். அதற்குப் பிறகும் பணம் வந்து சேரலாம்! அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டியும் பொருள் வராத வாடிக்கையாளர் உங்களை மோசடிக்காரர் என்பார், அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

குறைவாக வரும் பணம் இன்னொரு ஓயாத தலைவலி. எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரடியாக அனுப்புபவர்களுக்கு, அனுப்பும் கட்டணத்தை எக்ஸ்சேஞ்ச் தொகையிலிருந்தே கழித்துவிடுவதுண்டு. 100 கேட்ட இடத்தில் 98 வரும், இன்வாய்ஸ் பகுதிக் கட்டணமாக நிற்கும். அதோடு எக்ஸ்சேஞ்ச் அனுப்பவே 15 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கட்டண சகிப்பு என்ற அமைப்பில் 1 அல்லது 2 சதவீதம் வையுங்கள், இன்வாய்ஸ் ஆயுளை 30 நிமிடம் ஆக்குங்கள். 60 நிமிடம் வைப்பது விகித ஏற்ற இறக்கத்தை நீங்களே தூக்கிச் சுமப்பது. காத்திருந்து பார்த்து, பிட்காயின் விலை ஏறினால் கட்டாமல் போய்விடும் புத்திசாலிகளும் உண்டு.

சொந்தமாக நிரல் எழுதி இணைப்பவர்கள் கவனிக்க: வாங்கியவர் "நன்றி" பக்கத்துக்குத் திரும்பி வந்தார் என்பதைப் பணம் வந்ததற்கு அடையாளமாக எடுக்கவே கூடாது. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் உலாவியில் தட்டலாம். வெப்ஹூக்கை மட்டும் நம்புங்கள், அதையும் சரிபார்த்த பிறகு. ஒவ்வொரு வெப்ஹூக்கோடும் பிடிசிபே-சிக் என்ற தலைப்பு வரும். அது உங்கள் ரகசியச் சொல்லைக் கொண்டு எச்மேக்-ஷா256 முறையில் கணக்கிட்ட கையொப்பம். வந்த செய்தியின் உடலை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்தால் ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆகவே வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துக் கணக்கிடுங்கள். பொருந்தினால், இன்வாய்ஸ் எண்ணைக் கொண்டு ஏபிஐயில் நிலை, தொகை, நாணயம், ஆர்டர் எண் நான்கையும் திரும்பக் கேட்டு ஒப்பிடுங்கள். ஒரே வெப்ஹூக் இருமுறை வரலாம், ஆகவே ஏற்கெனவே முடித்த ஆர்டரை மறுபடி அனுப்பாதபடி நிரல் இருக்க வேண்டும்.

பணம் செலுத்தும் பொத்தான் என்றொரு வசதியும் இருக்கிறது. எச்டிஎம்எல் துண்டை நகலெடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. தொகை அந்த எச்டிஎம்எல்லிலேயே இருப்பதால், வாங்குபவர் உலாவியில் 50ஐ 0.50 ஆக்கிக் கட்டிவிடலாம். நன்கொடைக்குச் சரி, விற்பனைக்குக் கூடாது. விலையைச் சர்வரே வைத்திருக்கும் விற்பனை முனையம் என்ற உள்ளமைந்த செயலி அதற்கு இருக்கிறது.

திருப்பிக் கொடுப்பது

பிட்காயினில் வாடிக்கையாளர் வங்கியிடம் சொல்லிப் பணத்தைப் பின்வாங்க முடியாது. விற்பவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் திருப்பிக் கொடுப்பதும் தனியாக ஒரு புது அனுப்புதல் என்று ஆகிறது. பணம் வந்த முகவரிக்கே திருப்பி அனுப்புவது வழக்கமான பிழை. அது எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருந்தால், வாடிக்கையாளர் கணக்கில் அது ஏறாது. பிடிசிபேயின் ரீஃபண்ட் பொத்தான் இதை அழகாகக் கையாள்கிறது: ஒரு இணைப்பு உருவாகும், வாடிக்கையாளர் தன் முகவரியை அதில் கொடுப்பார், நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே பணம் போகும். வாங்கிய நாள் விகிதமா, இன்றைய விகிதமா என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். எது என்பதை விற்கும் முன்பே விதிமுறையில் எழுதி வையுங்கள். விலை ஏறிய வாரத்தில் இதுதான் சண்டையாகும். அந்த இணைப்பை மின்னஞ்சலில் கேட்டு வரும் எல்லோருக்கும் கொடுக்காமல், ஆர்டர் கணக்கில் உள்நுழைந்தவருக்கு மட்டும் காட்டுங்கள்.

பணம் காணோம் என்ற பீதி

பிடிசிபேயில் வரவு தெரிகிறது, வெளி வாலட்டில் தெரியவில்லை. புதியவர்கள் அதிகம் பதறுவது இதற்குத்தான், பெரும்பாலும் திருட்டு இல்லை. இன்வாய்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி செலவாகிறது, கட்டாமல் போனவற்றுக்கும் சேர்த்து. பல வாலட்கள் தொடர்ந்து 20 வெற்று முகவரி கண்டால் தேடுவதை நிறுத்திவிடும். 25 பேர் பார்த்துவிட்டு வாங்காமல் போய், 26ஆவது நபர் கட்டினால் அந்தப் பணம் வாலட்டின் கண்ணில் படாது. வாலட்டில் கேப் லிமிட் எனப்படும் இந்த வெற்று முகவரி வரம்பை 1000க்கு மேல் உயர்த்தித் திரும்பத் தேடச் செய்தால் தோன்றிவிடும். மேலே சொன்ன இரண்டாவது கண்ணுக்கும் முதல் நாளே இதைச் செய்துவையுங்கள், இல்லையென்றால் பொய் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

சில்லறை வரவும் லைட்னிங்கும்

வாடிக்கையாளர் கட்டும் ஒவ்வொரு தொகையும் வாலட்டில் தனித் துண்டாக நிற்கும். பின்னால் செலவழிக்கும்போது ஒரு துண்டுக்குச் சுமார் 68 விபைட் (கட்டணம் கணக்கிடும் அளவு அலகு) இடம் பிடிக்கும். 200 சிறு வரவுகளைச் சேர்த்து அனுப்பினால் 13,600 விபைட். கட்டணம் விபைட்டுக்கு 5 சட்டோஷி இருக்கும் நாளில் 68,000 சட்டோஷி, 50 இருக்கும் நாளில் 6,80,000. 3,000 சட்டோஷி வரவு ஒன்றை அந்த நாளில் செலவழிக்கவே 3,400 தேவைப்படும், அதாவது அது பணமே இல்லை. 2024 ஏப்ரல் 20 அன்று 8,40,000ஆவது பிளாக்கில் பாதியாக்கம் (புது பிட்காயின் உருவாகும் அளவு பாதியாவது) நடந்தபோது கட்டணம் இதைவிடப் பல மடங்கு ஏறியது. கட்டணம் குறைந்த நாள் பார்த்துத் துண்டுகளை ஒன்றாக்கி வையுங்கள். ஆனால் ஒன்றாக்கினால் அவை எல்லாம் ஒருவருடையவை என்பதும் உலகுக்குத் தெரிந்துவிடும்.

சிறு தொகைக்கு லைட்னிங்தான் வழி. நொடியில் முடியும், 15 நிமிடச் சிக்கல்களில் பாதி மறைந்துவிடும். இவ்வளவு தொகைக்குக் கீழ் லைட்னிங், மேலே பிளாக்செயின் என்று பிடிசிபேயிலேயே வரம்பு போடலாம். ஆனால் லைட்னிங் சாவி சர்வரில் இருந்தே ஆக வேண்டும், ஆகவே ஒரு நாள் வசூலுக்கு மேல் அதில் வைக்காதீர்கள். லைட்னிங் பணம் இரு நோடுகளுக்கு இடையிலான சானல் வழியாகப் போகிறது; நீங்களே திறக்கும் சானலில் பணம் முழுதும் உங்கள் பக்கம் இருப்பதால் அதில் முதலில் எந்தப் பணத்தையும் பெற முடியாது. எதிர்ப்பக்கத்துப் பணம் வேண்டும், அதற்குச் செலவாகும். எல்லாவற்றையும்விட முக்கியம்: லைட்னிங் நோட்டின் பழைய பேக்கப்பை, முழு வட்டுப் பிரதி உட்பட, திரும்ப ஏற்றி ஓடவிடாதீர்கள். பழைய கணக்கு நிலை வெளியானால் எதிர்ப்பக்கம் அதை ஏமாற்றாகக் கருதி சானலின் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும். நெறிமுறையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எல்என்டி என்ற லைட்னிங் மென்பொருள் என்றால் சானல் பேக்கப் கோப்பை மட்டும் வேறிடத்தில் வைத்து, தேவைப்பட்டால் அதைக் கொண்டு சானல்களை மூடிப் பணத்தை மீட்க வேண்டும்.

பொருந்தாதவர்கள்

மற்ற நாணயங்கள் பிரதானமாக வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. இதில் பிட்காயின்தான் மையம், மற்றவை பெரும்பாலும் பிளகின்களாக ஒதுங்கிவிட்டன. யூஎஸ்டிடி போன்ற, டாலர் மதிப்பைப் பின்தொடரும் நிலைநாணயத்தில் பணம் பெற நினைப்பவர்கள், வெளியிட்ட நிறுவனம் எந்த முகவரியையும் முடக்க முடியும் என்பதையும், அதே பெயரில் போலி டோக்கன்கள் உலவுகின்றன என்பதையும் மனத்தில் வைத்து வேறு கருவி தேட வேண்டும்.

வந்த பிட்காயினை உடனே வங்கிப் பணமாக மாற்றித் தரும் வசதி பிடிசிபேயில் உள்ளமைந்து இல்லை. லாப விகிதம் 5 சதவீதத்துக்குள் ஓடும் கடைக்கு ஒரு நாள் விலைச் சரிவே லாபத்தை விழுங்கும். அவர்களுக்கு உடனுக்குடன் மாற்றித் தரும் இடைத்தரகரே பொருத்தம், பணத்தை அங்கே தேங்கவிடாத வரை. சர்வர் பராமரிக்க ஆளில்லாமல், வேறொருவர் நடத்தும் பிடிசிபேயில் கடை திறப்பவர்களும் உண்டு. அந்த சர்வரின் அட்மின் நினைத்தால் உங்கள் எக்ஸ்பப்பை மாற்றலாம். சோதித்துப் பார்க்க நல்லது, வியாபாரத்துக்கு வேண்டாம்.

கடையைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய ஒத்திகை அரை நாள் பிடிக்கும். சிறு தொகையில் ஒரு இன்வாய்ஸை முழுதாகக் கட்டுங்கள். இன்னொன்றைக் குறைத்துக் கட்டுங்கள். மூன்றாவதை ஆயுள் முடிந்தபின் கட்டுங்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைத் தளம் ஆர்டரை எந்த நிலையில் வைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹார்டுவேர் வாலட்டை முழுதாக அழித்து, எழுதி வைத்த விதைச்சொற்களைக் கொண்டு மீட்டெடுத்து, கேப் லிமிட்டை உயர்த்தி, அந்தச் சோதனைப் பணத்தை வேறு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு முதல் வாடிக்கையாளரை அனுமதிக்கலாம்.